வாலன்டிச்சின் கடைசி ஆறு நிமிடம்: இன்னும் என்ன மர்மம்?

பிப்ரவரி 11 – வாசகர் ஒருவரின் கேள்வி

1978-இல் ஆஸ்திரேலியாவில், தலைக்கு மேலே ஏதோ பறக்கிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டுக் கடல்மேல் சின்ன விமானத்தோடு காணாமல் போன இளம் விமானி ஃபிரெடெரிக் வாலன்டிச். அவர் கதையை இன்னும் மர்மம் மர்மம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் என்ன மர்மம்? பையன் இருட்டில் தன்னை அறியாமல் தலைகீழாகப் பறந்திருக்கிறான். தன் விமானத்தின் விளக்கு கடலில் பட்டுத் தெரிந்ததைப் பார்த்து, தலைக்கு மேலே ஏதோ பறக்கிறது என்று நினைத்துவிட்டான். அப்படியே கடலுக்குள் போய்விட்டான். கதை முடிந்தது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 11, இரவு

மறுக்கிறேன். அவர் ஓட்டியது செஸ்னா 182. இறக்கை மேலே இருக்கும், பெட்ரோல் டேங்க் இறக்கைக்குள் இருக்கும். பெட்ரோல் தன் எடையிலேயே கீழே இறங்கி, அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு வரும். விமானத்தைக் கவிழ்த்துவிட்டால் எஞ்சினுக்குத் தீனி நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அவர் ரேடியோவில் பேசியது ஆறு நிமிடத்துக்கு மேல். எஞ்சின் இருமுகிறது என்று சொன்னது கிட்டத்தட்ட முடிவில்தான்.

இன்னொன்று, தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு அது தெரியாமல் இருக்காது. பெல்ட் தோளை அறுக்கும், மடியில் இருந்த வரைபடம் கூரைக்குப் போகும், தரையில் கிடந்த தூசியெல்லாம் கண்ணில் விழும். அவர் இருந்தது 4,500 அடி உயரத்தில். அங்கிருந்து ஒரு சின்ன விமானத்தின் விளக்கு கடலில் பட்டு, திரும்பக் கண்ணுக்குத் தெரியும் அளவு பிரகாசமாக இருக்காது.

இந்தத் தலைகீழ் விளக்கம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. சொல்ல எளிது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. அதுதான் அதன் ஒரே பலம்.

பிப்ரவரி 12

கேள்விப்படாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1978 அக்டோபர் 21, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருகே மூராபின் விமான நிலையம். 20 வயது வாலன்டிச் வாடகைக்கு எடுத்த செஸ்னாவில் மாலை 6:19-க்குக் கிளம்புகிறார். தனியாக. கரையோரமாக ஆட்வே முனை வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி, ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே உள்ள பாஸ் நீரிணைக்கு மேலே பறந்து கிங் தீவுக்குப் போவது திட்டம். ஏழு மணிக்கு ஆட்வே முனையில் இருப்பதாகச் சொல்கிறார். வானிலை தெளிவு, காற்று லேசு.

7:06-க்கு மெல்போர்னைக் கூப்பிட்டு, ஐயாயிரம் அடிக்குக் கீழே வேறு விமானம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். அந்தப் பக்கம் பேசியவர் ஸ்டீவ் ரோபி. எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை என்கிறார். பெரிய விமானம் ஒன்று இருப்பதுபோல் தெரிகிறதே, நான்கு பிரகாசமான விளக்குகள், தரையிறங்கும் விளக்குகள் மாதிரி, என்கிறார் வாலன்டிச். அப்புறம் அது தன் தலைக்கு மேலே ஆயிரம் அடி உயரத்தில் கடந்து போனதாகச் சொல்கிறார். அது தன்னோடு ஏதோ விளையாடுகிறது என்கிறார். நீளமாக இருக்கிறது, பச்சை விளக்கு, வெளிப்பக்கம் உலோகம்போலப் பளபளக்கிறது என்கிறார். மறைந்துவிட்டது என்கிறார், திரும்ப வந்துவிட்டது என்கிறார். எஞ்சின் ஒழுங்காக ஓடவில்லை என்கிறார். கிங் தீவுக்கே போகிறேன் என்கிறார். கடைசியாக, அந்த விசித்திர விமானம் மறுபடி தன் தலைக்கு மேலே நிற்கிறது, அது விமானமே இல்லை என்கிறார்.

7:12-க்குப் பிறகு மைக் திறந்தபடி 17 விநாடி. உலோகம் உரசுவதுபோல் ஒரு சத்தம். பிறகு எதுவும் இல்லை.

கடலிலும் வானிலும் தேடினார்கள். விமானப் படையின் ஓரியன் கண்காணிப்பு விமானமும் வந்தது. ஆயிரம் சதுர மைலுக்கு மேல் அலசிவிட்டு, 25-ஆம் தேதி தேடலை நிறுத்திவிட்டார்கள். ஆளும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. 1982-இல் வந்த அரசு அறிக்கை, காரணம் கண்டறியப்படவில்லை, விமானி இறந்ததாகக் கருதப்படுகிறது என்று முடிந்தது.

பிப்ரவரி 12, இன்னும் கொஞ்சம்

யாரோ ஒருவர் 'ராடாரில் பார்த்திருப்பார்களே' என்று கேட்டிருக்கிறார். ரோபி உட்கார்ந்திருந்தது விமானத் தகவல் சேவையில். அவரிடம் இருந்தது ரேடியோவும், யார் எங்கே போகிறார்கள் என்று குறித்த தாள்களும். திரையில் புள்ளியைப் பார்த்து வழிசொல்லும் வேலை அவருடையது இல்லை. அதனால் 'வேறு விமானம் இல்லை' என்று அவர் சொன்னதற்கு, 'என்னிடம் யாரும் சொல்லவில்லை' என்பதுதான் அர்த்தம். வானத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது. பறக்கும் தட்டுக்காரர்கள் இதை வேண்டுமென்றே கலக்கிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 15

என் அனுபவத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

சில வருடங்களுக்கு முன் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். பாதியில் நிறுத்திவிட்டேன், காசு கட்டுப்படியாகவில்லை. மணிக்கணக்கில் வாடகை. எஞ்சின் ஓடும் சத்தம் பர்ஸிலிருந்து வருவதுபோலவே இருக்கும். ஆனால் ஒரு வகுப்பு மறக்காது. பயிற்சியாளர் என்னைத் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். 'நேராக, மட்டமாகப் பிடித்துக்கொள்' என்றார். பிடித்தேன். காற்று அமைதி. உடம்புக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. கொஞ்ச நேரத்தில், 'இப்போது எப்படிப் போகிறோம்?' என்றார். 'நேராகத்தான் போகிறோம்' என்றேன். 'கண்ணைத் திற.'

இடது இறக்கை நன்றாகச் சாய்ந்திருந்தது. மூக்கு கீழே. உயரமானி முள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், அவர் விமானத்தை நிமிர்த்தியபோது வலது பக்கம் கவிழ்கிறோம் என்று என் உடம்பு கத்தியது. கை தானாக இடப்பக்கம் திருப்பப் போனது. அவர் என் கையை மெல்லத் தட்டிவிட்டார்.

காதுக்குள் இருக்கும் திரவத்தின் வேலை இது. மெதுவாகச் சாய்ந்தால் அது உணராது. ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் உணர்வதை நிறுத்திவிடும். கண்ணுக்குத் தொடுவானம் தெரியும்வரை பிரச்சினை இல்லை. தெரியாவிட்டால், முன்னால் இருக்கும் கருவிகளை நம்ப வேண்டும், உடம்பை நம்பக் கூடாது. சொல்ல எளிது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை வைத்து ஓட்டப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்து ஓட்டவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 விநாடியில், நீண்ட நேரம் தாங்கியவர் 480 விநாடியில். சராசரி 178 விநாடி. விமானிகள் நடுவே இந்த 178 ஒரு பேய்க்கதை எண் மாதிரி.

பிப்ரவரி 15, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, 'அப்போ அவர் தடுமாறி விழுந்தார், அவ்வளவுதானே' என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். பொறுங்கள். வாலன்டிச் அந்த 20 பேர் மாதிரி இல்லை. அவரிடம் நான்காம் வகுப்பு கருவிப் பறத்தல் தகுதி இருந்தது. வெளியே தெளிவாகத் தெரியும் இரவில் பறக்க அனுமதி உண்டு. மொத்தம் சுமார் 150 மணி நேர அனுபவம். அதிகம் இல்லை, ஆனால் கைக்குழந்தையும் இல்லை.

பிப்ரவரி 17

டேப்பின் எழுத்து வடிவத்தை மறுபடி படித்தேன். எல்லோரும் 'அது விமானமே இல்லை' என்ற வரியில்தான் நிற்கிறார்கள். என்னை நிறுத்துவது வேறு வரி. நடுவில் ஓரிடத்தில், தான் இப்போது வட்டமடித்துக்கொண்டிருப்பதாகவும், அந்தப் பொருளும் தன் தலைக்கு மேலே வட்டமடிப்பதாகவும் சொல்கிறார்.

அதாவது அவரே சொல்கிறார், திருப்பத்தில் இருக்கிறேன் என்று. இருள் கவிழும் நேரம், கீழே கடல், ஒரு பக்கம் சாய்ந்த விமானம், பார்வை தலைக்கு மேலே. கருவிப் பலகையில் கண் இல்லை. இதைவிட மோசமான சேர்க்கை வேண்டுமென்று செய்தாலும் அமையாது.

நீங்கள் சுற்றும்போது, அசையாமல் இருக்கும் விளக்கு எதுவும் உங்களைச் சுற்றுவதுபோலவே தெரியும். வெள்ளி, செவ்வாய், புதன், கூடவே கேட்டை நட்சத்திரம், நான்கும் அன்று மாலை மேற்கு வானில் இருந்தன என்பதை 2013-இல் ஜேம்ஸ் மெக்காஹா, ஜோ நிக்கல் இருவரும் கணக்குப் போட்டு எழுதினார்கள். மெக்காஹா முன்னாள் விமானப்படை விமானி, வானியலும் தெரிந்தவர். அவர்கள் சொல்லும் முடிவு: சாய்வது தெரியாமல், இறுகிக்கொண்டே போகும் சுழலில் மாட்டிக்கொண்டார். அந்த இறுக்கத்தில் பெட்ரோல் ஓட்டம் குறைந்து எஞ்சின் இருமியது. ஆங்கிலத்தில் இந்தச் சுழலுக்குச் சுடுகாட்டோடு சேர்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது நல்ல விளக்கம். நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இடிக்கும் இடம் முதல் ஒரு நிமிடம். 'கீழே வேறு விமானம் உண்டா' என்று கேட்கும்போது அவர் ஒழுங்காகத்தான் பறந்துகொண்டிருந்தார். அப்போதே நான்கு விளக்கு தெரிந்துவிட்டது. அதன் பிறகு பச்சை விளக்கு. வெள்ளி பச்சையாக இருக்காது. அடிவானத்தை ஒட்டி இருந்தால் காற்றில் நடுங்கி நிறம் மாறித் தெரியும், அதுவும் உண்மை. தலைக்கு மேலே? அங்கே அந்தக் கணக்கு உதவாது, அவர் எவ்வளவு சாய்ந்திருந்தார் என்பது தெரிந்தால்தான் எது 'தலைக்கு மேலே' என்று சொல்ல முடியும்.

பிப்ரவரி 18

எஞ்சின் பற்றி ஒரு துண்டுக் குறிப்பு. 'இருபத்து மூன்று இருபத்து நான்கு' என்று அவர் சொல்வதை ஏதோ சங்கேதம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சங்கேதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் 23 அங்குலம், சுற்று நிமிடத்துக்கு 2,400. சாதாரணமாகப் பறக்கும்போது வைக்கும் அளவு. அந்த அளவில் வைத்தும் இருமுகிறது என்றுதான் அவர் சொல்ல வருகிறார்.

அந்த வகை எஞ்சினில் கார்புரேட்டருக்குள் பனி படிவது பழைய தொல்லை. கடல்மேல் ஈரக் காற்று, மாலைக் குளிர் இருந்தால் போதும், வெளியே உறைய வேண்டிய அவசியமே இல்லை. சூடான காற்றைத் திறந்துவிட ஒரு குமிழ் இருக்கும், இழுத்தால் சரியாகும். தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருப்பவர் அதை இழுத்திருப்பாரா? சுழலும் வேண்டாம், வேற்றுக்கிரகமும் வேண்டாம், இதுவே எஞ்சினை இருமவைக்கப் போதும். இது என் ஊகம்தான், ஆனால் அதிகம் பேசப்படாத ஊகம்.

பிப்ரவரி 21

பேச்சு திசை மாறி பாஸ் நீரிணையே சபிக்கப்பட்ட இடம் என்று போய்விட்டது. சரி, நானும் கொஞ்சம் போய்வருகிறேன்.

1920 செப்டம்பரில் அமீலியா ஜே என்ற பாய்மரக் கப்பல் காணாமல் போனது. அதைத் தேட ஸ்டட், டால்செல் என்ற இருவர் ராணுவ விமானத்தில் போனார்கள். அவர்களும் திரும்பவில்லை. தேடப் போனவர்களைத் தேட வேண்டியதாயிற்று. 1934 அக்டோபர் 19 அன்று மிஸ் ஹோபார்ட் என்ற பயணிகள் விமானம் டாஸ்மேனியாவிலிருந்து மெல்போர்ன் வரும் வழியில் 12 பேரோடு மறைந்தது. அடுத்த ஆண்டு அதே வகை விமானம் இன்னொன்று ஃப்ளிண்டர்ஸ் தீவருகே விழுந்தது. அப்புறம்தான் அந்த விமான வகையின் அமைப்பிலேயே கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

பெர்முடா முக்கோணம் மாதிரி இதற்கும் முக்கோணம் போட்டுவிட்டார்கள். முக்கோணம் போடுவதற்கு மூன்று புள்ளி போதும், கடல் பெரியது. இரண்டு நிலத்துக்கு நடுவே ஆள் போக்குவரத்து அதிகம், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மோசம், விபத்து நடக்கிறது. சபிக்கத் தேவையில்லை.

பிப்ரவரி 21, அதே மூச்சில்

அந்த ஆண்டு முடிவில் இன்னொரு கூத்து. 1978 டிசம்பரில் நியூசிலாந்தின் கைகோரா கரையோரம் சரக்கு விமானம் ஒன்றின் ஆட்கள் விளக்குகளைப் பார்த்தார்கள். பத்து நாள் கழித்து மெல்போர்ன் தொலைக்காட்சி நிருபர் ஒருவரே ஏறிப்போய்ப் படமும் பிடித்தார்கள். கணவாய் பிடிக்கும் படகுகளின் விளக்கு என்றார்கள், வெள்ளி கிரகம் என்றார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. வாலன்டிச் செய்தி இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்க்கிற ஆள் கூடினால் விளக்கும் கூடும்.

பிப்ரவரி 24

'மெனிஃபோல்ட் எடுத்த படம் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருக்கிறார்கள். அன்று மாலை ஆட்வே முனைப் பக்கம் ராய் மெனிஃபோல்ட் என்பவர் கேமராவை நிறுத்திவைத்து சூரியன் மறைவதைப் படம் எடுத்தார். வாலன்டிச் பேசத் தொடங்குவதற்குச் சுமார் இருபது நிமிடம் முன்பு. கழுவிப் பார்த்தால் ஒன்றில் கறுப்பாக ஏதோ ஒரு திட்டு. பறக்கும் தட்டு ஆய்வுக் குழு ஒன்று அது உண்மையான பறக்கும் பொருள் என்று சான்றிதழ் கொடுத்தது.

படத்தைப் பார்த்தேன். பூச்சியாக இருக்கலாம், கறையாக இருக்கலாம், மேகத் துணுக்காக இருக்கலாம். அவர் எடுக்கும்போது கண்ணால் எதையும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். கண்ணுக்குத் தெரியாமல் படத்தில் மட்டும் வருவது எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலும் உண்டு. அதில் பாதி என் மாமாவின் விரல்.

அடிலெய்டு பக்கத்து விவசாயி கதையும் கேட்டிருக்கிறார்கள். பேர் தெரியாத ஒரு விவசாயியின் வயலுக்கு மேலே பெரிய கலம் வந்து நின்றதாம், அதன் பக்கவாட்டில் வாலன்டிச்சின் செஸ்னா ஒட்டிக்கொண்டு எண்ணெய் சொட்டியதாம், அவர் விமானத்தின் பதிவு எழுத்தை டிராக்டரில் கீறி வைத்துக்கொண்டாராம். அந்த விவசாயியும் இல்லை, அந்த டிராக்டரும் இல்லை. படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 27

சிரிப்பை விட்டுவிட்டு, எனக்கு உண்மையில் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். வானத்தில் என்ன தெரிந்தது என்பதை எல்லோரும் கிழித்துக் காயப்போட்டுவிட்டார்கள். அவர் அங்கே ஏன் போனார் என்பதை யாரும் கேட்பதில்லை.

கிங் தீவில் நண்பர்களை ஏற்றிவரப் போகிறேன் என்று விமான நிலையத்தில் சொல்லியிருக்கிறார். நான்கு உயிர்காப்பு அங்கிகளை எடுத்துப் போயிருக்கிறார். அது நண்பர் கதைக்குப் பொருந்துகிறது. வேறு சிலரிடம் சிங்கி இறால் வாங்கிவரப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். விசாரித்தபோது இரண்டுமே உண்மை இல்லை என்று தெரிந்தது.

இதைவிடப் பெரியது விளக்கு. சின்னத் தீவு, சின்ன ஓடுபாதை. இருட்டிய பிறகு இறங்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அப்போதுதான் ஓடுபாதை விளக்கைப் போடுவார்கள். அவர் சொல்லவில்லை. 7:28-க்குச் சேரும் கணக்கு. அந்த நேரத்துக்கு அங்கே கும்மிருட்டு. விளக்கே இல்லாத ஓடுபாதையில் எப்படி இறங்குவதாக இருந்தார்?

மறதி என்று சொல்லலாம். 20 வயதில் மறக்கும். ஆனால் பறப்பதற்கு முன் போடும் திட்டத்தில் அடிப்படையான விஷயம் அது. பறந்து பழக வேண்டும் என்பது மட்டுமே நோக்கம், இறங்கும் எண்ணமே இல்லை, தீவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதாக இருந்தார் என்றால் பொருந்துகிறது. விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் அப்படிச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு காரணத்தைச் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கிறேன், சும்மா சுற்றப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கும்.

பிப்ரவரி 28

நேற்று எழுதியது ஒரு சிலருக்கு எண்ணெய் வார்த்துவிட்டது. 'அப்படியானால் எல்லாமே நாடகம், ஆள் தப்பித்து ஓடிவிட்டார்' என்கிறார்கள். இந்தக் கட்சிக்கும் சில சாமான் இருக்கிறது. டேங்க் நிறைய பெட்ரோல், கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் போகலாம். ஆட்வே முனைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன விமானம் மர்மமாக இறங்கியதாகப் போலீசுக்குத் தகவல் போனது என்பார்கள். பறக்கும் தட்டில் அவருக்கு ஏற்கெனவே ஈடுபாடு, அவை தாக்கக்கூடும் என்று பயந்து தந்தையிடம் பேசியிருக்கிறார். விமானப் படை இரண்டு தடவை படிப்புத் தகுதி போதாது என்று திருப்பி அனுப்பியது. வணிக விமானி உரிமத்துக்கான ஐந்து பாடத்திலும் இரண்டு தடவை தோற்றார், அந்தத் தேதிக்குச் சற்று முன்னால் மறுபடி மூன்றில் தோற்றார். சிட்னியில் தடை செய்த வான்பகுதிக்குள் போய் எச்சரிக்கை வாங்கினார். இரண்டு தடவை வேண்டுமென்றே மேகத்துக்குள் விட்டதற்காக வழக்குப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஓடிப்போகக் காரணம் உள்ள ஆள் மாதிரிதான் தெரியும். ஆனால் இதே அடுக்கைத் திருப்பி வைத்துப் பாருங்கள். எப்படியாவது விமானியாகிவிட வேண்டும் என்று துடிக்கும் பையன். திறமையைவிட ஆசை ஒரு படி முன்னால் ஓடுகிறது. மேகத்துக்குள் வேண்டுமென்றே விடுகிறவன், அந்தி நேரத்தில் கடல்மேல் தலைக்கு மேலே பார்த்தபடி வட்டமடிக்கவும் செய்வான். இரண்டாவது அடுக்குத்தான் எனக்குப் பொருந்துகிறது. அவரோடு பழகிய ஆட்கள் யாரும், விமானத்தோடு கிளம்பி வேறு பெயரில் வாழும் அளவு சூழ்ச்சிக்காரராக அவரைச் சொல்லவில்லை.

தற்கொலை என்று எழுதியவருக்கு: அவரை அறிந்தவர்களை விசாரித்ததில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதோடு விட்டுவிடுங்கள்.

மார்ச் 2

ஓடிப்போனார் என்பவர்களுக்கு ஒரு பொருள் தடையாக நிற்கிறது. 1983-இல் ஃப்ளிண்டர்ஸ் தீவில் எஞ்சின் மூடியின் காற்றுக் கதவு ஒன்று கரை ஒதுங்கியது. செஸ்னா 182-இன் பாகம். எந்தெந்த வரிசை எண் விமானங்களில் அது பொருத்தப்பட்டது என்று பார்த்தார்கள், வாலன்டிச்சின் விமானம் அந்த வரிசைக்குள் வந்தது.

ஃப்ளிண்டர்ஸ் தீவு நீரிணையின் கிழக்கு முனை. அவர் மறைந்தது மேற்குப் பக்கம். நடுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் மிதந்து வருமா என்று கடற்படை ஆய்வுக்கூடத்தைக் கேட்டார்கள். பொதுவாக நீர் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் நகர்கிறது, திசை சரி. ஆனால் அது ஒரு வரிசையைத்தான் காட்டுகிறது, ஒரே ஒரு விமானத்தைக் காட்டவில்லை. நீதிமன்றத்தில் நிற்காது. எனக்குப் போதும்.

இவ்வளவும் எப்படித் தெரிகிறது என்று கேட்டவருக்கு: விசாரணைக் கோப்பு தொலைந்துவிட்டது என்றுதான் ரொம்ப நாள் பேச்சு. 2012-இல் கீத் பாஸ்டர்ஃபீல்ட் என்பவர் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதைத் தேடி எடுத்தார். முந்நூறு பக்கத்துக்கு மேல். அவர் பறக்கும் தட்டு ஆர்வலர்தான், ஆனால் அந்தப் பாகத்தைப் பற்றிய விவரமும் அதிலிருந்துதான் பரவலாகத் தெரியவந்தது. இப்படிப்பட்ட ஆர்வலர்கள் நாலு பேர் போதும்.

மார்ச் 6

ஆட்வே முனைக்கு நான் போனது உண்டா என்று கேட்டார்கள். ஒரு தடவை போயிருக்கிறேன். 1848-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது, மேலே ஏறலாம். சாயங்காலம் ஏறினேன். பார்த்ததில் பயன்படும் விஷயம் ஒன்றுதான். தெற்கே பார்த்தால், சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடத்தில், கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு கரைந்துவிடுகிறது. மேற்கே இன்னும் வெளிச்சம் இருக்கிறது, அதனால் இருட்டிவிட்டது என்று தோன்றாது. நன்றாகத் தெரிகிறது என்றே நினைப்போம். 'வானிலை தெளிவு' என்று அறிக்கையில் எழுதியிருப்பது சரிதான். ஆனால் தெற்கே போகிறவனுக்கு முன்னால் எதுவும் இல்லை.

மேற்கே மட்டும் வெளிச்சம் மிஞ்சியிருந்தால் இன்னொரு கோளாறு உண்டு. அந்த வெளிச்ச விளிம்பு கொஞ்சம் சரிவாக இருந்தால் அதையே தொடுவானம் என்று கண் எடுத்துக்கொள்ளும். அதற்குச் சமமாக விமானத்தைப் பிடித்தால் இறக்கை சாய்ந்துவிடும். மெக்காஹாவும் நிக்கலும் இதைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். அங்கே நின்று பார்த்த பிறகு அவர்கள் பக்கம் நான் இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். சாய்ந்தது எனக்கே தெரிகிறது, அதனால் ஆபத்தில்லை.

மார்ச் 7

17 விநாடிச் சத்தம். விட்டுவிட்டேன் என்று நினைவூட்டினார்கள். பலர் ஆராய்ந்துவிட்டார்கள், யாரும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்த கை, சுற்றிலும் குலுங்கும் விமானம். அதற்கு மேல் அதில் எதையும் கேட்க நான் தயாராக இல்லை. அந்த ஒலியை இசை போட்டு வெளியிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கடைசிவரை மகன் எங்கோ இருக்கிறான் என்று நம்பிய தந்தை கைடோ. அவரும் அதைக் கேட்டிருப்பார்.

மார்ச் 9

'கடைசியாக உங்கள் முடிவு என்ன, ஒரே வரியில்' என்று கேட்டவருக்கு ஒரே வரியில் முடியாது. எப்படி விழுந்தார் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை: வட்டமடித்துக்கொண்டே உயரத்தை விட்டார். எஞ்சின் இருமல் சுழலாலா பனியாலா என்பது இரண்டாம் பட்சம். என்ன பார்த்தார் என்பதில் முக்கால்வாசி கோள்கள், கால்வாசி தெரியாது. ரோபியிடம் முதலில் கேட்டபோது அவர் குரல் நிதானம் என்பதை நான் இன்னும் தள்ளிவிட முடியவில்லை. ஏன் போனார் என்பது மட்டும் அப்படியே நிற்கிறது, அதற்கு வானத்தைப் பார்த்துப் பயனில்லை.

எழுதுகிறவர்கள் அந்த ஓடுபாதை விளக்கு விஷயத்தை எழுதுங்கள். அந்தக் காலத்தில் சின்னத் தீவு ஓடுபாதைகளில் இரவு இறங்கியவர்கள், அல்லது அவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், முன்கூட்டிச் சொல்லாமல் போனால் மேலே வந்து ரேடியோவில் கேட்டு விளக்குப் போடவைக்கும் வழக்கம் இருந்ததா என்று சொல்லுங்கள். இருந்தது என்றால் என் பிப்ரவரி 27 குறிப்பின் பாதி பலம் போய்விடும், பரவாயில்லை. டிராக்டர் கதைகள் வேண்டாம்.